பத்துப் பத்தாகக் கட்டிய பற்றறிகள்

பிஸ்கட் டின்னின் மூடி இறுகியிருந்தது. இன்ஸ்பெக்டர் நகத்தால் நெம்பிப் பார்த்தார், முடியவில்லை. பிறகு தன் சாவிக்கொத்தை எடுத்து விளிம்பில் கொடுத்துக் கிளப்பினார். மூடி சிமெந்துத் தரையில் விழுந்து, உருண்டு, மூன்றாம் ஆண்டு வகுப்பு வாசல் வரை போய்ச் சத்தத்தோடு படுத்தது.

உள்ளே பற்றறிகள். டோர்ச்சுக்கும் ரேடியோவுக்கும் போடுகிற தடித்த பற்றறிகள், எல்லாம் பழையவை. பத்துப் பத்தாகச் சேர்த்து, முனைகளில் கறுப்பு டேப் சுற்றி, மெல்லிய கம்பியால் கட்டியிருந்தன. ஒவ்வொரு கட்டிலும் ஒரு கடதாசித் துண்டில் இலக்கம். அடியில் ஓர் அலாரம் மணிக்கூடு.

இன்ஸ்பெக்டர் ஒரு கட்டைக் கையில் எடுத்தவர் அப்படியே நின்றார். பின்னால் நின்ற சிப்பாய்கள் இருவரும் ஓரடி பின்வாங்கினார்கள்.

“மேக்க காகெத?” என்று கேட்டார். இது யாருடையது?

கொழும்பு, கொட்டாஞ்சேனையில் அந்தச் சின்ன ஆரம்பப் பள்ளிக்கூடத்தின் விறாந்தையில், அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்த மூன்று பேர் நின்றோம். அதிபர் திரேசா. பள்ளிக்கூடத்தைக் கூட்டித் துடைத்துக் கதவு பூட்டுகிற சிற்றூழியர் ராமையா. நாலாம் ஆண்டு வகுப்பாசிரியை சாந்தா, அதாவது நான்.

அந்த டின் என்னுடையது. நான் வாயைத் திறக்கவில்லை.

என்னுடைய பழைய மாணவி ஒருத்தி, பத்திரிகையில் நான் எழுதுகிற இந்தத் தொடரை ஒவ்வொரு கிழமையும் படித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் எடுப்பாள். போன கிழமையும் எடுத்தாள். “டீச்சர், ஊர்க் கதை எல்லாம் எழுதுறீங்க, எங்க பள்ளிக்கூடத் தோட்டத்தைப் பத்தி எப்ப எழுதப் போறீங்க?” என்று கேட்டாள். பார்ப்பம் பிள்ளை என்று சொல்லி வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதனால்தான் இன்று எழுதுகிறேன்.

குப்பை வாளி இல்லாத பள்ளிக்கூடம்

இப்போதெல்லாம் பரிசளிப்பு விழாக்களுக்கு என்னை முன்வரிசையில் இருத்துகிறார்கள். மேடையில் யாராவது எழும்பி ‘நிலைபேறான பாடசாலைச் சூழல்’ என்று ஆரம்பித்தால் எனக்குச் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும். அந்தச் சொற்கள் எங்கள் காலத்தில் இல்லை. எங்களுக்கு இருந்தது அடைத்துப்போன ஒரு கான்.

பள்ளிக்கூடத்துக்கு முன்னால் ஓடுகிற கழிவுநீர்க் கான் அது. ஓடுகிற என்று எழுதுவதே பொய். லஞ்ச் சீற் என்று சொல்லுவோமே, சோற்றுப் பார்சல் சுற்றுகிற மெல்லிய பொலித்தீன், அது அடியில் போய்ப் படிந்து படிந்து, தண்ணீர் அசையாமல் பச்சையாய் நிற்கும். முந்நூறு பிள்ளைகள். நாளுக்கு முந்நூறு லஞ்ச் சீற். எல்லாம் கானுக்குள்தான்.

குப்பை வாளியில் போடலாமே என்று கேட்பீர்கள். வாளி வைக்கக் கூடாது என்பது கட்டளை. குப்பை வாளிக்குள் யாராவது பார்சல் குண்டு வைத்துவிடுவார்கள் என்று பயந்து, வாளிகள் எல்லாவற்றையும் எடுக்கச் சொல்லிச் சுற்றறிக்கை வந்தது. வேலியோரம் நின்ற செவ்வரத்தையையும் வெட்டச் சொன்னார்கள், ஒளித்திருக்க இடம் ஆகிவிடுமாம். ஒரே நாளில் வாளியும் போச்சு, பூவும் போச்சு. பள்ளிக்கூடம் மொட்டையாய் நின்றது.

அந்த வருஷ மழைக்குக் கான் பொங்கி வகுப்புக்குள் வந்தது. வடிந்த பிறகு நுளம்புக்கடி. என் வகுப்பில் முன்பல் இரண்டும் விழுந்த ஒரு பெடியன் இருந்தான், சிரித்தால் நாக்கு வெளியே தெரியும். காய்ச்சல் என்று மூன்று நாள் வரவில்லை. நாலாம் நாள் அவனுடைய தகப்பன் வந்து, கொப்பியெல்லாம் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு போனார். சவப்பெட்டிக்குள் வைக்கத்தான்.

எனக்கு மூக்கின் மேல் கோபம் என்று எல்லோருக்கும் தெரியும். அந்தக் கிழமை எனக்கு விசரே பிடித்துவிட்டது. காலைப் பிரார்த்தனை முடிந்ததும் முன்னால் போய் நின்று, நாளையிலிருந்து லஞ்ச் சீற்றோடு வருகிற பிள்ளை சோற்றைத் திருப்பிக் கொண்டுபோகும் என்று சொல்லிவிட்டேன். வாழையிலை கொண்டு வா, இல்லாவிட்டால் மூடி போட்ட டப்பா கொண்டு வா.

தாய்மார் வாசலில் கூடினார்கள். “டீச்சருக்கு வேற வேலை இல்லையா? செக்பொயின்ட்ல டப்பாவைத் திறந்து திறந்து காட்டணும். சீற்னா வெளியவே தெரியும்” என்றார்கள். அவர்கள் சொன்னது நியாயம்தான். சோற்று டப்பாவைத் திறந்து சிப்பாய்க்குக் காட்டிவிட்டு வந்த ஏழு வயதுப் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். ஆனாலும் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

குழி வேணாங்க

மிச்சச் சோற்றுக்கும் இலைக்கும் என்ன வழி? பின்வளவில் ஒரு குழி தோண்டி உரமாக்கலாம் என்று ராமையாவிடம் சொன்னேன். ராமையா பண்டாரவளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர். நாற்பது வயது இருக்கும். கிராண்ட்பாஸில் ஒரு முடுக்குக்குள் மனைவியோடும் மகளோடும் இருந்தார். மகள் மல்லிகா என் வகுப்பில்தான் படித்தாள்.

அவர் மண்வெட்டியைச் சுவரில் சாத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“குழி வேணாங்க டீச்சர். தமிழ்ப் பள்ளிக்கூடத்துல குழி தோண்டுறாங்கன்னு எவனாச்சும் போன் போட்டுட்டா அம்புட்டுத்தான். என்னத்தப் பொதைச்சேன்னு கேப்பானுங்க. மேலேயே குமிப்போம். எல்லாக் கண்ணுக்கும் தெரியட்டும்.”

அப்படியே செய்தார். மூன்று பக்கமும் உடைந்த செங்கல் அடுக்கி, தரைக்கு மேலே குவித்தார். ஒரு இலை ஒரு கை மண். நாற்றம் வரவில்லை. கூரைத் தண்ணீர் விழுகிற இடத்தில் ஒரு பீப்பாயை வைத்து, நுளம்பு போகாமல் பழைய சாரத்துணி கட்டினார். அந்த உரத்தில் போஞ்சி போட்டோம், பசளி போட்டோம், இரண்டு பப்பாளி வைத்தோம். போஞ்சி படர மெல்லிய கம்பி இழுத்துக் கட்டினார். எங்கள் பள்ளிக்கூடத்தில் அந்த வருஷம் ஒரு நல்ல காரியம் நடந்ததென்றால் அதுதான்.

இதை ஏன் இவ்வளவு விபரமாக எழுதுகிறேன் என்றால், எங்கள் இரண்டு பேரில் யோசித்து நடந்தவர் ராமையா. நான் அல்ல. இது எல்லோருக்கும் தெரியவேண்டும்.

கறுப்பு விரல்கள்

அது கரண்ட் வெட்டு நடந்த காலம். மணிக்கணக்கில் கரண்ட் இராது. டோர்ச் இல்லாத வீடு இல்லை. செய்தி கேட்காமல் யாருக்கும் இருப்புக்கொள்ளாது, ரேடியோவும் பற்றறியில்தான் ஓடும். தீர்ந்த பற்றறிகள் முடுக்குகளில் கிடக்கும். கொட்டாஞ்சேனைப் பிள்ளைகளுக்கு அது விளையாட்டுச் சாமான். கல்லால் குத்தி உடைத்தால் உள்ளே ஒரு கரிக்குச்சி இருக்கும். அதை எடுத்துச் சுவரில் எழுதலாம், தரையில் கோடு போட்டுக் கெந்தி விளையாடலாம்.

ஒருநாள் மத்தியானம் மல்லிகா சோறு பிசைந்துகொண்டிருந்தாள். விரல்களும் நகக்கண்ணும் கறுப்பு. சோற்றிலும் கறுப்பு.

“என்னடி இது?”

“பற்றறிக்குள்ள இருந்த மை டீச்சர். கழுவினேன், போகுதில்ல.”

கையில் ஒன்று போட்டேன். அந்தக் காலத்து டீச்சர்மார் அப்படித்தான். பிறகு நானே சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டேன். பற்றறிக்குள் இருப்பது நஞ்சு, வயிற்றுக்குள் போகக்கூடாது, மண்ணுக்குள்ளும் போகக்கூடாது, மண்ணுக்குள் போனால் நாங்கள் தின்கிற பசளிக்குள் வரும் என்று வகுப்புக்குச் சொன்னேன். வீட்டில் தீர்ந்த பற்றறி எல்லாவற்றையும் என்னிடம் கொண்டுவரச் சொன்னேன்.

கொண்டுவந்தார்களே, அம்மாடி. சட்டைப் பையில், சோற்று டப்பாவின் மூடியில், ஒருத்தன் தொப்பிக்குள். கூட ஒரு அலாரம் மணிக்கூடும் வந்தது. உள்ளே பற்றறி பொங்கி இறுகிவிட்டது, கழற்ற முடியவில்லை, அப்படியே போட்டோம். எங்கே கொடுப்பது என்று கேட்டு ஒரு கந்தோருக்கு நான் எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவேயில்லை. டின் நிறைந்துகொண்டு போனது.

இந்த இடத்தில் என் தொழில் வியாதி ஒன்றைச் சொல்லவேண்டும். ஆரம்ப வகுப்பு ஆசிரியர்களுக்குச் சேர்ந்து கிடக்கிற எதைக் கண்டாலும் பத்துப் பத்தாகக் கட்டவேண்டும் போலிருக்கும். ஆசிரியர் கலாசாலையில் அப்படித்தான் பழக்கினார்கள். ஈர்க்கு என்றால் பத்து ஈர்க்கு ஒரு கட்டு, புளியங்கொட்டை என்றால் பத்து ஒரு பொட்டலம். ஒன்று, பத்து, நூறு என்பது கண்ணுக்குத் தெரியவேண்டும், கைக்குப் பாரமாக இருக்கவேண்டும். மல்லிகாவுக்குக் கழித்தல் வராது. பத்தை உடைத்து ஒன்றாக்கி எடுக்கத் தெரியாமல் முழிப்பாள்.

ஆகவே பற்றறிகளையும் கட்டினோம். முனையில் கசிகிறதென்று டேப் சுற்றினேன். ராமையாவின் போஞ்சிக் கம்பியில் மிஞ்சியதால் கட்டினோம். ஒவ்வொரு கட்டுக்கும் இலக்கம் எழுதிப் பிள்ளைகள் ஒட்டினார்கள். சுவரில் பெரிய மட்டையில் ஒரு மரம் கீறி, பத்துக்கு ஓர் இலை ஒட்டினோம். பற்றறி மரம். மல்லிகா ஒரு கட்டை அவிழ்த்து ஏழை எடுத்து மூன்றை வைத்துவிட்டு, “டீச்சர், வந்துருச்சு” என்றாள். அன்றைக்கு எனக்கிருந்த சந்தோசத்தை எப்படிச் சொல்வது.

டேப் சுற்றி, கம்பியால் கட்டி, இலக்கம் எழுதி, கூட ஒரு மணிக்கூடும். யுத்த காலத்துக் கொழும்பில், தமிழ்ப் பள்ளிக்கூடத்தில். எனக்கு ஒரு நிமிஷம்கூட உறைக்கவில்லை.

பிறகு இன்னொரு சுற்றறிக்கை. வகுப்புகளில் மூடிய பெட்டி எதுவும் இருக்கக்கூடாது, எல்லாம் பூட்டுக்குள் போகவேண்டும். மாடிப்படிக்குக் கீழே ராமையா விளக்குமாறும் வாளியும் வைக்கிற அறைக்குத்தான் நல்ல பூட்டு. டின்னை நானே தூக்கிக்கொண்டுபோய் அங்கே வைத்தேன்.

ராமையா தலையைச் சொறிந்தார். “இதுல உங்க பேர எழுதி ஒட்டிருங்களேன் டீச்சர்.”

“நாளைக்கு எழுதித் தாறன் ராமையா, இப்ப மணி அடிச்சிட்டுது.”

நாளைக்கும் எழுதவில்லை, மறுநாளும் எழுதவில்லை.

விறாந்தையில்

முந்தின நாள் நகரத்தில் குண்டு வெடித்திருந்தது. எந்தக் குண்டு என்று கேட்காதீர்கள், எனக்கு அவை எல்லாம் இப்போது ஒன்றாகக் கலந்துவிட்டன. காலையில் ஜீப் வந்தது. அறை அறையாகத் திறந்து பார்த்தார்கள். படிக்குக் கீழே இருந்த அறைக்கும் வந்தார்கள்.

“மேக்க காகெத?”

திரேசா என்னைப் பார்த்தார். நல்ல மனுஷி, மாதா கோவிலுக்குப் போகாமல் ஒரு நாளும் பள்ளிக்கூடம் வராதவர். நான் சொல்லட்டும் என்று காத்திருந்தார். நான் தரையைப் பார்த்தேன். விழுந்து கிடந்த டின் மூடியைப் பார்த்தேன். இன்ஸ்பெக்டர் இரண்டாம் தரம் கேட்டபோது, அந்த அறைச் சாவி சிற்றூழியரிடம்தான் இருக்கும் என்று திரேசா சிங்களத்தில் சொன்னார். அது பொய்யல்ல.

“டீச்சர்,” என்றார் ராமையா. ஒரேயொரு சொல். சத்தம் போட்டுக்கூடச் சொல்லவில்லை.

அடையாள அட்டையைக் கேட்டார்கள். மலைநாட்டு விலாசம். ராமையாவின் சிங்களம் சந்தைச் சிங்களம், மரக்கறி வாங்கப் போதும், இதற்குப் போதாது. சேர்ட்டைக் கழற்றச் சொல்லி, அந்தச் சேர்ட்டாலேயே கையைப் பின்னால் கட்டினார்கள். என் வகுப்பு ஜன்னலில் பிள்ளைகள் தொங்கிக்கொண்டு நின்றார்கள். மல்லிகாவும்தான் நின்றாள்.

ஜீப் இன்னும் வாசலில் நின்றது. நான் வகுப்புக்குப் போனேன். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் கை நன்றாகவே ஓடியது. கதிரையில் ஏறிப் பற்றறி மரத்தைச் சுவரிலிருந்து கழற்றி, நாலாய் மடித்து என் பைக்குள் வைத்தேன்.

“ஏன் டீச்சர் கழட்டுறீங்க?” என்று ஒரு பிள்ளை கேட்டது.

“தூசி பிடிச்சுப் போச்சு.”

வெள்ளவத்தை அறை

என் தம்பி கண்ணன் அப்போது என்னோடு இருந்தான். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒரு ஒழுங்கையில், மேல்மாடியில் ஒரு அறை. இருபத்திரண்டு வயது. யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேறப் பாஸ் எடுத்து, பட்ட பாடெல்லாம் பட்டு வந்து சேர்ந்தவன். வந்து தங்குகிறவர்களைப் பொலிசில் பதியவேண்டும், வீட்டுக்காரர் பயத்தில் அவன் பெயரைப் பதியவில்லை. வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஏஜென்ட் இன்றைக்கு, நாளைக்கு என்று இழுத்துக்கொண்டிருந்தான். டின் என்னுடையது என்று சொன்னால் அன்றைக்கே என் அறைக்கு வருவார்கள். வந்தால் கண்ணனை விட்டுவிட்டுப் போகமாட்டார்கள்.

விறாந்தையில் எனக்கு வந்தது இந்த ஒரு நினைப்புத்தான். இப்போது எழுதும்போது அது நியாயம் போலத் தெரிகிறது. நியாயமாகத் தெரியட்டும் என்று நான் எழுதவில்லை.

அன்று பின்னேரம் அவனிடம் சொன்னேன். அவன் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து கட்டிலில் இருந்தான்.

“அக்கா, சொல்லாதேங்கோ எண்டு நான் கேக்கமாட்டன். நீங்கள் போய்ச் சொல்லுங்கோ. ஆனா அதுக்கு முதல் எனக்குச் சொல்லிப்போட்டுப் போங்கோ, நான் எங்கையாவது போறன்.”

“எங்க போவாய்?”

அவனுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.

மூன்றாம் நாள், சிவில் உடுப்பில் ஒரு கொன்ஸ்டபிள் என் வகுப்பு வாசலில் வந்து நின்றான். சின்னப் பெடியன், மீசை இப்போதுதான் அரும்பியது. மரியாதையாகத்தான் கேட்டான். இந்த வகுப்பில் பற்றறி, வயர் வைத்து ஏதாவது படிப்பிக்கிறீர்களா? பிள்ளைகளைக் கொண்டு ஏதாவது சேர்த்தீர்களா? கேட்டுக்கொண்டே சுவரைப் பார்த்தான். சுவரில் நாலு ஆணி மட்டும் இருந்தது.

“நெஹே,” என்றேன். இல்லை.

தலையை ஆட்டிவிட்டுப் போனான். எல்லா வகுப்புக்கும் போய்க் கேட்டிருப்பான் என்று நினைத்தேன். போனானா என்று யாரிடமும் விசாரிக்கவில்லை. என் பெயரைச் சொல்லிக் கேட்கவில்லை, ஆகவே ராமையா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று மனதுக்குள் அவரைக் கும்பிட்டேன்.

சிவப்பு மை

மல்லிகா பள்ளிக்கூடத்துக்கு வந்துகொண்டுதான் இருந்தாள். அழவில்லை. இடைவேளையில் போய்ப் போஞ்சிக்குத் தண்ணீர் ஊற்றுவாள், தகப்பன் செய்வதைப் போல அடியில் மட்டும், இலை நனையாமல்.

இரண்டாம் கிழமை ஒருநாள் மற்றப் பிள்ளைகள் போன பிறகு மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். கணக்குக் கொப்பியைத் திறந்து வைத்தாள்.

“டீச்சர், இதைப் பொலிசில காட்டினா அப்பாவ விட்ருவாங்களா?”

அவளுடைய குண்டுக் கையெழுத்து. ‘எங்களிடம் 6 கட்டுப் பற்றறிகள் உள்ளன. ஒரு கட்டில் 10. எல்லாம் 60. அதில் 7ஐ எடுத்தால் 53.’ பக்கத்தில் பற்றறிக் கட்டு ஒன்றின் படம், டேப்புக்குக் கறுப்பு, கம்பிக்கு நீலம். கீழே சிவப்பு மையில் ‘மிக நன்று’. அதற்குக் கீழே என் கையொப்பம்.

அந்தப் பிள்ளை ஒன்பது வயதில் கண்டுபிடித்ததை நானும் முதல் நாளே கண்டுபிடித்திருந்தேன். மேசை லாச்சிக்குள் முப்பத்தெட்டுக் கொப்பி இருந்தது, திருத்தவேண்டும் என்று சொல்லி அன்றைக்கே எல்லாவற்றையும் வாங்கி ஒளித்து வைத்திருந்தேன். அவளுடையது மட்டும்தான் அன்றைக்கு வீட்டில் கிடந்தது.

“நான் பார்த்துக்கொள்ளுறன் பிள்ளை. கொப்பியைத் தந்துவிட்டுப் போ.”

தந்தாள். என்னை நம்பித் தந்தாள். அதைக் கொண்டுபோய் என் சீலைகளுக்கு அடியில் வைத்தேன். பிறகு ஒவ்வொரு திங்கட்கிழமையும் “காட்டினீங்களா டீச்சர்?” என்று கேட்பாள். “இன்னும் இல்லை” என்பேன். ஒரு கட்டத்தில் கேட்பதை விட்டுவிட்டாள். கேட்ட காலத்தைவிட அதுதான் எனக்குப் பொறுக்கமுடியவில்லை.

தோட்டம் செத்தது. உரக் குவியலை வைத்திருக்க வேண்டாம் என்று திரேசா சொன்னார், இனி யார் வந்து எதைக் கிண்டுவார்களோ என்று அவருக்குப் பயம். செங்கலை எடுத்து அடுக்கிவிட்டார்கள். பீப்பாயைக் கவிழ்த்தார்கள். போஞ்சிக் கம்பியையும் கழற்றினார்கள், கம்பியைக் கண்டாலே எல்லோருக்கும் நடுக்கம். படர இடமில்லாமல் கொடி தரையில் கிடந்து காய்ந்தது. லஞ்ச் சீற் திரும்ப வந்தது. அடுத்த மழைக்குக் கானும் திரும்ப வகுப்புக்குள் வந்தது. நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. எந்த முகத்தோடு சொல்வது?

கண்ணன் போன பிறகு

ஐந்து மாதம் கழித்துக் கண்ணன் பறந்தான். போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று போன் வந்தது. மறுநாள் காலை சீலைகளை விலக்கி, கொப்பியை எடுத்து, பற்றறி மர மட்டையையும் எடுத்துக்கொண்டு பொலிசுக்குப் போனேன். போகும் வழியெல்லாம் என் மனதுக்குள் சிங்களத்தில் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

அந்த இன்ஸ்பெக்டர் மாற்றலாகிப் போயிருந்தார். இருந்தவர் கொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். படத்தைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தார். பிறகு கேட்டார், ஐந்து மாதமாக எங்கே இருந்தாய் என்று. சுகமில்லை என்றேன். ராமையாவைத் தெற்கே ஒரு தடுப்பு முகாமுக்கு மாற்றிவிட்டார்கள் என்றார். என் வாக்குமூலத்தை எழுதி எடுத்தார்கள். அது மேசை மேசையாகப் போய், ஒரு சட்டத்தரணி நடையாய் நடந்து, ராமையா வெளியே வரும்போது மேலும் ஒரு வருஷம் ஆகிவிட்டது.

ஒரு காலை பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். யாரோ கிழவன் நிற்கிறான் என்றுதான் நினைத்தேன். இடதுகையில் இரண்டு விரல் மடங்கவில்லை. பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தேன், கோப்பையை வலதுகையால் மட்டும் பிடித்துக் குடித்தார். முதலில் கேட்டது போஞ்சியைத்தான். “காஞ்சிருச்சுங்களா?” என்றார். பின்வளவைப் பார்க்கவேயில்லை, அதற்குள் அவருக்குத் தெரிந்துவிட்டது.

“ராமையா, நீங்கள் என்ரை பேரைச் சொல்லாமல் இருந்ததை நான் சாகும்வரைக்கும் மறக்கமாட்டன்” என்றேன்.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

“இல்லீங்களே டீச்சர். சொன்னேங்க. மொத நாளே சொல்லிட்டேன். நாலாம் ஆண்டு டீச்சருதான் சேக்கச் சொன்னாங்க, புள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் குடுக்கத்தான் கட்டுனாங்கன்னு. மொத ரெண்டு நாளு அவங்க கைய வைக்கல. பாதி நம்பிட்டாங்க. ஸ்கூலுக்கு ஆள அனுப்பிக் கேக்குறோம்னாங்க. போன ஆளு திரும்பி வந்து, அப்புடி ஒண்ணுமே இல்லியாம்னு சொல்லிட்டான். அதுக்கப்புறந்தாங்க அடிச்சாங்க. பொய் சொன்னேன்னு.”

நான் அவருடைய கோப்பையை எடுத்துத் திரும்பவும் பிளேன்டீயை நிரப்பினேன்.

“யாரு அப்புடிச் சொன்னாங்கன்னு தெரியலீங்க” என்றார். “பாவம், பயந்திருப்பாங்க.”

“ஓம்,” என்றேன். “பயந்திருப்பினம்.”

அதற்கு மேல் நான் சொல்லவில்லை. அவர் திரும்ப வேலைக்குச் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை அதே பள்ளிக்கூடத்தில் என்னோடு இருந்தார். ஒவ்வொரு நாளும் “டீச்சர்” என்று கூப்பிட்டார். ஒவ்வொரு நாளும் எனக்குச் சந்தர்ப்பம் இருந்தது. சில வருஷங்களுக்கு முன் கிராண்ட்பாஸில் அவருடைய செத்தவீட்டுக்குப் போனேன். என்னைத்தான் முன்னால் கதிரை போட்டு இருத்தினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் போன் எடுக்கிற மாணவி யாரென்று இப்போது விளங்கியிருக்கும். மல்லிகா இன்று களனிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆரம்ப வகுப்பு ஆசிரியை. அவளுடைய வகுப்பில் பழைய பற்றறி சேர்க்க ஒரு பெட்டி இருக்கிறது, மாதத்துக்கு ஒருமுறை ஆள் வந்து எடுத்துக்கொண்டு போகிறானாம். போன வருஷம் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். மூடியில் தன் முழுப்பெயரையும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தாள்.

இந்தக் கிழமை அவள் போன் எடுக்காவிட்டால் அது நியாயம். எடுத்தால், வாயால் சொல்ல எனக்குத் தைரியம் வராது என்பதால் இங்கேயே எழுதிவிடுகிறேன். வந்த கொன்ஸ்டபிளுக்கு ‘நெஹே’ என்று சொன்னது நான்தான், மல்லிகா.